பத்துத் தோட்டா போணி

ரகோத்தமன் மண்டியிட்டுத் துப்பாக்கி விளையாட்டு மெஷினின் முதுகுக் கதவைத் திறந்து, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி உள்ளே பார்க்கிறான். நான் அவனுடைய ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். மணி பத்து இருபத்தைந்து. பதினொன்றுக்குக் கதவு திறக்கும், அதற்குள் சொல்லிவிட வேண்டும். தம்பி, உங்கள் துப்பாக்கியில் கோளாறு இல்லை, என் கண்ணில்தான் கோளாறு. ஒரே ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதை மென்று மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன், இன்று செவ்வாய். மூன்று மாதமாகப் புகார், சுட்டால் வலது பக்கம் மேலே போகிறது, எப்படிச் சுட்டாலும் வலது பக்கம் மேலே போகிறது என்று. சென்னைக் கம்பெனியிலிருந்து சென்சார் வந்தது, மாற்றினோம். ஒயர் வந்தது, மாற்றினோம். கடைசியில் இந்தப் பிள்ளையே காலை ரயிலில் திருச்சி வந்து இறங்கி, குளித்தும் குளிக்காமல் இந்த மாலின் மூன்றாவது மாடிக்கு வந்து மண்டியிட்டிருக்கிறான். நான் செய்த பாவத்துக்கு அவன் முட்டி தேய்கிறது. "அக்கா, அந்தச் சின்ன ஸ்க்ரூ குடுங்க" என்று கையை மட்டும் நீட்டுகிறான். கொடுக்கிறேன். ஸ்க்ரூவைக் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம். அடுத்த ஸ்க்ரூவுக்குச் சொல்கிறேன்.

இந்த வேலையில் சேர்ந்த முதல் நாள், இந்தத் துப்பாக்கியிலிருந்து ஒன்றும் வெளியே போவதில்லை என்று சொன்னபோது நான் நம்பவில்லை. டமால் என்று சத்தம் வருகிறது, கையில் அதிர்கிறது, எதிரே பலகையில் ஓட்டை விழுகிறது, பிறகு எப்படி ஒன்றும் போகவில்லை? போகவில்லை. திரையின் வெளிச்சம்தான் குழாய் வழியாகத் துப்பாக்கிக்குள் வருகிறது. துப்பாக்கி சுடவில்லை, பார்க்கிறது. தான் பார்த்த இடம் எது என்று மெஷினுக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால் எது நடு என்று அதற்கு ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுதான் செட்டிங். தினமும் காலையில் திரையில் ஒரு சிலுவை வரும், மற்றவர்கள் கிராஸ் என்பார்கள், எனக்கு அது சிலுவைதான். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் துப்பாக்கியின் முனையை அந்தச் சிலுவையின் நடுவில் வைத்து ஒருமுறை சுட வேண்டும். நான் எங்கே சுடுகிறேனோ அதுதான் நடு என்று மெஷின் எழுதிக்கொள்ளும். நிஜமாகவே நடுவா என்று கேட்காது. தலையைச் சொறிந்துகூட யோசிக்காது. நான்கு மெஷின், எட்டுத் துப்பாக்கி, அத்தனைக்கும் ஆறு வருஷமாக நடு எது என்று சொல்லிக்கொடுத்தவள் இந்த அமலோற்பவம். கட்டின புருஷன்கூட என்னை அப்படி நம்பியதில்லை. செபஸ்தி உப்புப் போட்டாயா என்று கேட்டுவிட்டு, போட்டேன் என்று சொன்ன பிறகும் நக்கிப் பார்த்துத்தான் சாப்பிடுவான்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்தான் தெரிந்தது. சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தபோது மின்விசிறியிலிருந்து ஒரு தூசி இடது கண்ணில் விழுந்தது. மூடிக் கசக்கிக்கொண்டே வலது கண்ணால் பீடத்தைப் பார்க்கிறேன், சாமியாருக்குத் தலை இல்லை. கை இருக்கிறது, கையில் அப்பம் இருக்கிறது, வெள்ளை உடுப்பு இருக்கிறது, கழுத்துக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு அழுக்கு. சிரிப்பு வந்தது, அது நிஜம், முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு பீடத்தின் பின்னால் இருந்த சன்னல் கம்பிகளைப் பார்த்தேன். நேராக நிற்க வேண்டிய கம்பிகள் அந்த அழுக்குக்குப் பக்கத்தில் வந்ததும் இடது பக்கம் வளைந்து கீழே இழுத்துக்கொண்டு போயின. இடது கண்ணைத் திறந்தேன், எல்லாம் நேர், சாமியாருக்குத் தலை. மூடினேன், போச்சு. திறந்தேன், வந்தது. எல்லோரும் முழங்காலில் இருக்கிறார்கள், நான் மட்டும் கண்ணை மூடித் திறந்து மூடித் திறந்து. அந்தக் கம்பி வளைவை எங்கேயோ பார்த்திருக்கிறேனே, தினமும் பார்க்கிறேனே என்று மனசு தேடியது, தேடிக் கண்டுபிடித்துவிட்டது. சிலுவை. திரையில் வரும் சிலுவையின் கை அப்படித்தான் கொஞ்ச நாளாக வளைந்து தெரிகிறது, நடு தெரிவதில்லை, நாலு கையும் எங்கே சேரும் என்று குத்துமதிப்பாகப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தேன். பழைய திரை, கோடு வளைகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆறு வருஷத்தில் இடது கண்ணை நான் மூடுவது அந்த எட்டுத் துப்பாக்கிக்காகவும் கதவு திறந்ததும் நான் ஆடுகிற போணிக்காகவும் மட்டும்தான், மீதி நேரமெல்லாம் ரெண்டு கண்ணும் திறந்திருக்கிறது, ஒன்றின் பொய்யை ஒன்று மூடி மறைத்துவிட்டது. பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சர்க்கரைதான், வேறென்ன. அப்பாவுக்குக் காலில் வந்தது, எனக்குக் கண்ணில் வந்திருக்கிறது. வருஷத்துக்கு ஒருதரம் கண்ணைக் காட்டுங்கள் என்று டாக்டரம்மா சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்கள், மூன்று வருஷமாகக் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று கேட்டால் சிரிப்பார்கள். கண்ணுக்குச் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள், விட்டால் அரை நாள் எல்லாம் மங்கல், அன்றைக்குப் போணி யார் ஆடுவது? போணிக்காகத்தான் போகவில்லை, மாதாவே. இந்த இடத்தை நடத்துகிற சாதிக் சாருக்குப் போணியில் அவ்வளவு நம்பிக்கை. தினமும் பதினொன்றுக்குக் கதவு திறந்ததும் அவர் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கார்டைத் தேய்ப்பார், நான் சிலுவை போட்டுக்கொண்டு துப்பாக்கியை எடுப்பேன், வட்டப் பலகையில் பத்துத் தோட்டா. தொண்ணூற்றைந்துக்குக் குறைந்ததில்லை. அக்கா போணி பண்ணினால்தான் அன்றைக்குக் கூட்டம் நிற்கும் என்பார். ஒருதரம் எனக்குக் காய்ச்சல் வந்து நான் வரவில்லை, அன்றைக்கு மாலில் கரண்ட் போய்விட்டது, அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சுட்டால் எதிரே யானை நின்றாலும் தப்பித்துவிடும், அதனால்தான் சுடத் தெரிந்தவர்கள் மேல் அப்படி ஒரு பக்தி. நான் காலேஜில் என்.சி.சி.யில் ரைபிள் சுட்டவள் என்று தெரிந்துதான் டிக்கெட் கவுன்ட்டரிலிருந்து எழுப்பி இந்தப் பக்கம் கொண்டுவந்தார். நாற்பது வயதில், டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவளை, பிள்ளைகள் ஷூட்டர் அக்கா ஷூட்டர் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பஸ்ஸில்கூட ஒரு பையன் அம்மாவிடம் காட்டினான், இவங்கதாம்மா என்று. இதை விட்டுவிட்டு மறுபடி கவுன்ட்டருக்குப் பின்னால் போய் உட்கார என்னால் முடியாது. முடியாது என்று எதையும் சொல்லிவிட முடியாது, உட்கார வைத்தால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், ஆனால் கவுன்ட்டரிலும் சில்லறையைப் பார்க்க வேண்டுமே, கண் அதோடு நிற்குமா, இன்னொரு கண்ணுக்கும் போகுமா, போனால் செபஸ்தி என்னைக் கையைப் பிடித்துப் பூசைக்குக் கூட்டிப்போவானா. போவான். முணுமுணுத்துக்கொண்டே போவான்.

"அக்கா, செட்டிங் தினமும் யாரு பண்றது?" ரகோத்தமன் எழுந்து முட்டியைத் தட்டுகிறான். இதோ, வாசலைத் திறந்துவிட்டுக் கேட்கிறான், உள்ளே நுழைய வேண்டியதுதான் பாக்கி. "நான்தான் தம்பி." "எப்பவும் நீங்கதானா?" "எப்பவும் நான்தான்." "அப்ப அதுல பிரச்சன இருக்காது" என்று தலையை ஆட்டுகிறான். "சாதிக் சார் சொன்னாரு, நீங்க தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போறதே இல்லையாமே. உள்ளதான் எங்கயோ மிஸ்டேக் இருக்கு." தொண்ணூற்றைந்து விழும் தம்பி, ஏன் விழாது, நானே தப்பாகக் கற்றுக்கொடுத்துவிட்டு அதே தப்பான கண்ணால் நானே சுட்டால் விழாமல் என்ன செய்யும்? என் கண்ணுக்கு நடு என்று தெரிகிற இடம் நிஜ நடுவுக்கு இடது பக்கம் கீழே இருக்கிறது. அதை நடு என்று மெஷின் நம்புகிறது. நல்ல கண்ணோடு வருகிற ஊர் ஜனம் நிஜ நடுவைப் பார்த்துச் சுடுகிறது, தோட்டா வலது பக்கம் மேலே போய் விழுகிறது. ஊருக்கெல்லாம் தப்பி எனக்கு மட்டும் விழுந்துகொண்டிருந்தது, நான் அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவையும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், வாயில்தான் வரவில்லை. "காபி குடிக்கிறீங்களா தம்பி?" என்று கேட்கிறேன். வேண்டாம் என்கிறான். தொண்டை வரை வந்தது காபியாக மாறிப் போனது.

அந்தப் பெண் குழந்தையை நினைக்கக்கூடாது என்று காலையிலிருந்து சுற்றிச் சுற்றிப் போகிறேன், மறுபடி அங்கேயே வந்து நிற்கிறேன். போன மாதம், பிறந்தநாள் என்று புதுப் பாவாடையோடு வந்தது, பத்து வயது இருக்கும், அப்பா கூட. துப்பாக்கியைப் பிடித்த விதமே எனக்குப் பிடித்துவிட்டது, விறைப்பில்லாமல், மூச்சை விட்டு நிறுத்தி. பத்துத் தோட்டா. பத்தும் வலது பக்கம் மேலே, ஒரு உள்ளங்கை அகலத்துக்குள். பாப்பா, கையை ஆட்டுற, ஆட்டாத, என்றேன் நான். மறுபடி பத்து. மறுபடி அதே இடம். துப்பாக்கி சரியில்லையோ மேடம் என்றார் அந்த அப்பா. துப்பாக்கியைக் குறை சொல்றவங்க ஜெயிச்சதே இல்ல சார், என்று சொல்லி நான் வாங்கிச் சுட்டுக் காட்டினேன், நடு, நடு, நடு. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். குழந்தை, எனக்கு வராதுப்பா, நான் வேஸ்டு என்று சொல்லி அவர் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டது. எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். என்.சி.சி.யில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம், குண்டு சிதறினால் சுடுகிறவன் மேல் தப்பு, குண்டெல்லாம் ஒரே இடத்தில் கூடி விழுந்து, இடம் மட்டும் தப்பாக இருந்தால் சுடுகிறவனைத் தொடாதே, துப்பாக்கியைத் திருத்து. அது என் ரத்தத்தில் ஊறின பாடம். இருபது தோட்டாவும் ஒரே உள்ளங்கைக்குள் விழுந்ததை இந்தக் கண்ணாலேயே பார்த்தேன், பார்த்துவிட்டுக் கையை ஆட்டுற என்றேன். கண் போனதற்குச் சர்க்கரை காரணம், இதற்கு என்ன காரணம்? கை தட்டல் வேண்டியிருந்தது எனக்கு. அந்தக் குழந்தை எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம், ஒன்றும் தெரியாது, கூப்பிட்டு உன்னை மாதிரிச் சுடுகிறவள் திருச்சியிலேயே கிடையாது என்று சொல்ல வழி இல்லை.

ரகோத்தமன் என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொள்கிறான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக இன்னொருவர் சிலுவையைச் சுடுகிறார். இடது கண்ணை மூடுகிறான், வெடுக்கென்று ஒரு தடவை, வேலை முடிந்தது. அடுத்த துப்பாக்கி. அவன் கண் எவ்வளவு சுலபமாக நடுவைப் பார்க்கிறது, யோசிக்காமல், தேடாமல். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருக்கிறது, பொறாமைதான், மறைப்பானேன். எட்டையும் முடித்துவிட்டு வட்டப் பலகையில் ஐந்து சுடுகிறான், ஐந்தும் நடுவிலும் நடுவை ஒட்டியும். "பாத்தீங்களா" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், "வேற ஒண்ணுமில்லக்கா, சென்சார் மாத்தினதுக்கப்புறம் உள்ள ஒரு கனெக்‌ஷன் லூசா இருந்துச்சு, டைட் பண்ணிட்டேன்." பாவம், காரணம் வேண்டுமே அவனுக்கு. ஆக எட்டுத் துப்பாக்கியும் இப்போது சரி. இனி வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் விழும். எனக்கு மட்டும் விழாது. மணி பத்து ஐம்பத்தெட்டு. வலது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு இடது கண்ணால் சுடலாமா, ஏன் என்று கேட்பார்கள். வயிற்று வலி என்று போய்விடலாமா. போணி நாளைக்கும் வருமே, நாளை மறுநாளும் வருமே. கணக்குத்தான் தெரியுமே, தெரிகிற இடத்தை விட்டுவிட்டு வலது பக்கம் மேலே ஏற்றிச் சுட்டால் நடுவில் விழுந்துவிடும், யாருக்கும் தெரியாது. அப்படியே இன்னும் ஒரு வருஷம் ஓட்டிவிடலாம். அதற்குள் கண் என்ன ஆகும்? ஷட்டர் மேலே ஏறுகிற சத்தம் கேட்கிறது.

கதவுக்கு வெளியே இருபது பேர் இருப்பார்கள், காலாண்டு விடுமுறை, பிள்ளைகள் முதலில் ஓடி வருகின்றன, வழக்கம்போல வட்டப் பலகை மெஷினைச் சுற்றி அரை வட்டமாக நிற்கின்றன. ஷூட்டர் அக்கா, ஷூட்டர் அக்கா. சாதிக் சார் தொப்பியைச் சரி செய்துகொண்டு வருகிறார். "என்ன தம்பி, முடிஞ்சுச்சா?" "பக்காவா இருக்கு சார்." "அக்கா சொல்லட்டும்" என்று சிரித்தபடி கார்டைத் தேய்க்கிறார், பிஸ்மில்லாஹ். நான் நெற்றியிலும் மார்பிலும் தோளிலும் கையை வைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்குகிறேன். இடது கண் மூடுகிறது, பலகையின் நடு காணாமல் போகிறது, வட்டங்கள் இடது பக்கம் கீழே இழுத்துக்கொண்டு போகின்றன. வலது பக்கம் மேலே ஏற்று, அமலம், ஏற்று. கை ஏறவில்லை. முப்பது வருஷமாகக் கண் சொன்னதைக் கேட்டே பழகின கை, கண் பொய் சொல்கிறது என்று எவ்வளவு சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறது. சுடுகிறேன். இடது பக்கம் கீழே. மறுபடி. இடது பக்கம் கீழே. பின்னால் ஒரு பிள்ளை ஐயையோ என்கிறது. மூன்றாவது, நான்காவது, ஏற்று, ஏற்று, இல்லை, ஐந்து, ஆறு. பத்தும் முடிந்து ரெண்டு கண்ணையும் திறந்து பார்க்கிறேன், பத்து ஓட்டையும் இடது பக்கம் கீழே ஒரு கைப்பிடிக்குள் கூடிக் கிடக்கின்றன. முப்பத்தொன்று. யாரும் கை தட்டவில்லை. முடிந்தது, இனி நான் சொல்லவே வேண்டாம், அதுவே சொல்லிவிட்டது என்று நினைத்தபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், உடம்பு லேசாகிவிட்டது.

சாதிக் சார் என்னைப் பார்க்கவே இல்லை. ரகோத்தமனைத்தான் பார்க்கிறார். "என்ன தம்பி பண்ணி வச்சிருக்கீங்க?" "சார், சரியா இருந்துச்சு சார், இப்பதான் நான் அஞ்சு..." "முன்னாடி கஸ்டமருக்கு மட்டும்தான் விழல. இப்ப அக்காவுக்கே விழல! இதுக்கா சென்னையிலேர்ந்து வந்தீங்க?" ரகோத்தமன் அவசர அவசரமாகத் துப்பாக்கியை வாங்கி இரண்டு தோட்டா சுட்டுக் காட்டுகிறான், ரெண்டும் நடு. "பாருங்க சார், விழுதே." "நீங்க செட் பண்ணி நீங்களே சுட்டா விழத்தான் செய்யும்" என்கிறார் சாதிக் சார். அடடா, என்ன ஒரு நியாயம், எவ்வளவு சரியான வார்த்தை, ஆளைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார். இப்போது சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை. "சார், துப்பாக்கி சரியாத்தான் இருக்கு" என்கிறேன், என் குரல் எனக்கே கேட்கிறது. "என் கண்ணுதான் சார் சரியில்ல. வலது கண்ணு. ஞாயித்துக்கெழமதான் தெரிஞ்சுது." சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரி கடைசியில் வெளியே வந்துவிட்டது. சாதிக் சார் ஒரு கணம் என்னைப் பார்க்கிறார், பிறகு அவர் முகம் இளகுகிறது. "அக்கா, உங்க மனசு எனக்குத் தெரியாதா? அந்தத் தம்பி வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நான் கம்ப்ளெய்ன்ட் எழுத மாட்டேன், போதுமா? அதுக்காகக் கண்ணு தெரியலன்னெல்லாம் வாயால சொல்லாதீங்க, அபசகுனமா." "இல்ல சார், நெசமாவே..." "உங்க கண்ணு சரியில்லன்னா இந்த ஊர்ல யாரு கண்ணு சரி?" பிள்ளைகள் சிரிக்கின்றன. ஒரு அம்மாவும் சிரிக்கிறார். இன்னொரு தரம் சொல்ல வாயைத் திறக்கிறேன். திறந்த வாயில் என்ன இருக்கிறது? நம்பவில்லை, நல்லவேளை நம்பவில்லை என்று அடிவயிற்றில் ஒரு குளிர்ச்சி இறங்குகிறது, அது பாட்டுக்கு இறங்குகிறது, அதை நினைத்தால்தான் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது. நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

"பழையபடி அக்காவே எல்லாத்தையும் செட் பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாதிக் சார் பிள்ளைகளை ஐஸ்கிரீம் பக்கம் ஓட்டிக்கொண்டு போகிறார், பத்து நிமிஷம், பத்தே நிமிஷம் என்று. ரகோத்தமன் செட்டிங் பட்டனை அழுத்தித் திரையில் சிலுவையைக் கொண்டுவந்து, துப்பாக்கியை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டுகிறான், கோயிலில் காணிக்கை வைக்கிற மாதிரி அவ்வளவு பணிவு. அவன் காது சிவந்திருக்கிறது. சிலுவையை நான் ரெண்டு கண்ணாலும் பார்க்கிறேன், நேராக, சுத்தமாக, நடுவோடு இருக்கிறது. இடது கண்ணை மூட வேண்டும். மூடாமல் சுட எனக்குத் தெரியாது. மூடுகிறேன், நடு போய்விட்டது, நாலு கையும் வளைந்து எங்கேயோ சேர்கின்றன, அந்த எங்கேயோவைத் தேடி முனையைக் கொண்டுபோகிறேன். "மன்னிச்சிருங்கக்கா" என்கிறான் அவன் என் தோளுக்குப் பின்னாலிருந்து, தணிந்த குரலில், மற்றவர்கள் கேட்டுவிடக்கூடாது என்று. "எனக்கு நேராத்தான் தெரிஞ்சுது. ரெண்டு வாட்டி பாத்துத்தான் வச்சேன். ஊருக்குப் போனதும் மொத வேலையா கண்ணக் காட்டிட்டு வந்துடறேன்." நான் சுட்டேன், மெஷின் சரி என்று எழுதிக்கொண்டது.